மீசைக்கார உருளைக்கிழங்கும் ஒரு கைப் புளியும்

புதுப் பாத்திரம் வாங்கினால் அதன் மேல் ஒட்டியிருக்கிற கம்பெனி ஸ்டிக்கரை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். உரிக்காமல் அப்படியே அடுப்பில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லக் கூடாது. (என் ஓர்ப்படி கன்னியம்மாதான். சரி, சொல்லியாகிவிட்டது.) அவள் கல்யாணத்துக்கு வந்த தவலையில் ஸ்டிக்கர் இன்னும் பாதி இருக்கிறது. அவள் தலை நரைத்துவிட்டது, ஸ்டிக்கர் நரைக்கவில்லை.

என் கைக்கு ஒரு பாத்திரம் வந்தால், அனலில் லேசாகக் காட்டி, ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பு. மிச்சமிருக்கிற பிசினுக்குத் தேங்காய் எண்ணெய். பித்தளை, செம்பு என்றால் ஒரு கைப் புளி. அப்புறம் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டி பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் தண்டலம் தாண்டிவிடும். ஆனால் பாத்திரம் தேய்ப்பதில் எங்கள் ஊர் பென்னலூரில் எனக்கு மேல் படித்தவர்கள் யாரும் இல்லை. இந்தக் கர்வத்தோடுதான் நான் எங்கள் மாப்பிள்ளையின் வீடியோ கேமில் கை வைத்தேன்.

மாப்பிள்ளை பேர் லோகேஷ். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறார். ஒரு நட்டு மயிரிழை பெருத்துப் போயிருந்தாலும் ஒதுக்கி வைக்கிற வேலை. என் மகள் கலையைக் கட்டின பிறகு எங்கள் வீட்டு மாடியில் குடித்தனம். கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும், அதனால். நல்ல பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை. ஒரே ஒரு பழக்கம், டிவியில் செருகி ஆடுகிற பழைய காலத்து வீடியோ கேம் சேர்ப்பது.

அதுவும் எல்லா கேமும் இல்லை. தின்கிற சாமான் விற்கிற கம்பெனிகள் தங்கள் பொம்மையை வைத்துப் பண்ணின கேம் மட்டும்தான் சேர்ப்பார். ஒருநாள் என்னை உட்கார வைத்துக் காட்டினார். மரப்பலகை முகப்பு வைத்த ஒரு மெஷின், அதற்கு ஒரு குச்சி, ஒரு சிவப்பு பட்டன். பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் கருப்புக் கருப்பாகக் கேசட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. கால் முளைத்த ஆரஞ்சுப் பழம், அது ஜூஸ் கம்பெனியுடையது. கண்ணாடி போட்ட நாய், அது நாய் பிஸ்கட் கம்பெனியுடையது. (ஆடுகிறது மனுஷன், பிஸ்கட் தின்கிறது நாய். யாருக்குப் பண்ணின விளம்பரமோ.) எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பியும் முறுக்கு மீசையும் வைத்த ஒரு உருளைக்கிழங்கு. வறுவல் கம்பெனிக்காரன் பொம்மை.

"இது வீடியோ கேம் வந்த புதுசுல வந்தது அத்தை. கடையில கூட விக்கல. வறுவல் பாக்கெட்டோட கவரையெல்லாம் சேர்த்து தபால்ல அனுப்பினவங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க. எத்தினியோ வருசம் தேடி வாங்கினேன்."

"நம்மூர்ல டீத்தூள் கவர் குடுத்தா கிளாஸ் குடுப்பான், அந்த மாதிரியா மாப்பிள்ளை?"

"அதே மாதிரிதான் அத்தை."

"கிளாஸா இருந்தா கழுவி வெச்சிக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். அப்போது சிரித்தார்.

கேசட்டைப் போட்டார். டிவியில் பழுப்பாக ஒரு கட்டம் ஓடியது. அதன் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு துரத்தியது.

"கிழங்கு எங்க மாப்பிள்ளை?"

"அந்தக் கட்டம்தான் அத்தை."

"மீசை?"

"அந்தக் காலத்து மெஷின்ல மீசை வரைய இடம் பத்தாது. மீசை கேசட்டு மேல ஒட்டின படத்துல மட்டும்தான். அதைப் பார்த்து மனசுல வெச்சிக்கினு ஆடணும்."

துரத்துகிற கோடு கத்தியாம். கத்தியிடம் மாட்டாமல் கிழங்கு தப்பிக்க வேண்டுமாம். எனக்கு இது விளங்கவே இல்லை. கிழங்கைச் சீவி, வறுத்து, பாக்கெட்டில் போட்டு விற்கிறவன், கேமில் மட்டும் கிழங்கைத் தப்பிக்க விடச் சொல்கிறான். எல்லாக் கிழங்கும் தப்பித்துவிட்டால் அவன் கம்பெனி எப்படி நடக்கும்? நான் குச்சியைப் பிடித்ததும் கிழங்கு நேராகப் போய்க் கத்தியில் விழுந்தது. சமையல்காரி கை, வேறு எங்கே போகும்?

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாக இருந்த வீட்டில் ஒருநாள் கலை வந்து மென்று விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"ம்மா, அவரு ஒரகடத்துல வூடு பார்த்துட்டு வந்துக்கீறாரு. ஆயுத பூஜை லீவு முடிஞ்சதும் பேசி முடிச்சிடலாம்ன்றாரு."

"ஏன்டி, இங்க இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லம்மா. கம்பெனிக்குக் கிட்ட இருக்கும்னு..."

கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிறதை நான்தான் சொல்லிவிட்டேனே. அவள் மறைத்தாள். நிஜமான காரணம் என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான். மாடி அறைக்கு இன்னொரு சாவி என் இடுப்பில் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் நான் ஏறிப் போய்த் துடைப்பேன். மாப்பிள்ளையின் கம்பெனி பூட்ஸைச் நான் சோப்பு போட்டுக் கழுவினதில் அவர் ஈர பூட்ஸோடு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற ஹெட்போனைத் தோய்த்துக் கொடியில் காயப் போட்டேன், ஒரு காதுக்கு ஒரு கிளிப் வீதம். அவர் எதை எங்கே வைத்தாலும் நான் துடைத்து வேறு இடத்தில் அடுக்குவேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் ரொம்பத் திருப்தியாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கன்னியம்மா மூக்கில் வியர்த்துவிட்டது. அன்றைக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, மாப்பிள்ளை வூடு தேடறாராமே? உங்கூட இத்தினி நாள் தாக்குப் புடிச்சதே பெரிசு. தங்கமான புள்ள."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே பெண். மாடியில் அவள் நடக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவள் ஒரகடம் போய்விட்டால் நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். (பார்த்துப் பார்த்து அலுத்த முகம்.) எப்படியாவது மாப்பிள்ளை மனதைக் குளிர வைத்து இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி தேய்ப்பது.

ஆயுத பூஜை அன்றைக்கு மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பூஜை போட்டு, பொரியும் ஸ்வீட்டும் கொடுத்து மத்தியானம் அனுப்பிவிடுவார்கள். கலை வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போனாள். நான் அரிவாள்மனை, கரண்டி, கடப்பாரை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. மாப்பிள்ளையின் ஆயுதம் எங்கே? ஸ்பேனர் கம்பெனியுடையது, அதற்கு அங்கே பூஜை நடக்கும். வீட்டில் அவர் கையில் எடுக்கிற ஆயுதம் அந்தக் குச்சிதானே!

மாடிக்குப் போனேன். மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டேன். கேசட்டுகளை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கினேன். வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமே இது? அது மாப்பிள்ளை சாமானு. ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டுட்டுத் தொடு."

"பூஜை போடறதுக்கு யாராவது பர்மிஷன் கேப்பாங்களா? நீங்க வண்டியப் பாருங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். முப்பது நாற்பது வருசமாக அவர் செய்துகொண்டிருக்கிற நல்ல காரியம் அது.

வெளிச்சத்தில் கேசட்டைப் பார்த்தால் எனக்கு அவமானமாக இருந்தது. எந்தக் காலத்து அழுக்கோ! அடியில் எட்டிப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி செம்புப் பல்வரிசை, அதெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. செம்பில் களிம்பு! என் வீட்டில்! ஒரு கைப் புளியை ஊறப் போட்டுக் கரைத்து, கேசட்டுகளை அதில் முக்கி, தேங்காய் நாரை எடுத்தேன்.

அடிப்பக்கம் பல் விளக்கின மாதிரி ஆகிவிட்டது. மேல்பக்கம் திருப்பினேன். ஸ்டிக்கர். ஓரமெல்லாம் பிய்ந்து, பழுத்துப் போன கம்பெனி ஸ்டிக்கர். அது ஸ்டிக்கர்தான் என்று என் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, அதுதான் கிழங்கு என்று மூளைக்கு எட்டவில்லை. என் நகம் தானாகவே மூலையை நெம்பியது. மீசைதான் முதலில் வந்தது. அப்புறம் தொப்பி, அப்புறம் கண்ணு. ஆரஞ்சுப் பழம் ஒரே இழுப்பில் வந்தது. நாய்தான் கொஞ்சம் அடம் பிடித்தது. மிச்சமிருந்த பிசினைத் தேங்காய் எண்ணெய் விட்டு எடுத்தேன். எல்லாவற்றையும் மாடிச் சுவரில் வெயிலில் காய வைத்துவிட்டு வந்து, "இன்னிக்கு மாப்பிள்ளை அப்படியே அசந்துடப் போறாரு" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அசந்துதான் போவாரு" என்றார்.

காய்ந்ததும் பூஜையில் அடுக்கினேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் சந்தனம், குங்குமம். மெஷின் முகப்பில் மூன்று விரலால் விபூதிப் பட்டை. குச்சிக்கு மல்லிப்பூ சுற்றினேன். கடப்பாரைக்குப் பக்கத்தில் அது மாப்பிள்ளை மாதிரியே அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை தனியாக வரவில்லை. கூடவே நெடுநெடுவென்று, தலை வெளுத்த ஒரு வெளிநாட்டுக்காரர். கம்பெனியில் மெஷின் மாட்ட வந்த எஞ்சினியராம். நெற்றியில் கம்பெனி பூஜை குங்குமம், கையில் பொரிப் பொட்டலம். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பப் போகிறவர், கேமைப் பார்க்கவே வந்திருக்கிறார். பின்னாலேயே கலையும் வாழைக்கன்றோடு வந்து சேர்ந்தாள்.

"அத்தை, இந்த சார் ஊருதான் அந்த உருளைக்கிழங்கு கம்பெனி. சின்ன வயசுல அந்த கேமுக்காகக் கவரெல்லாம் சேர்த்தாராம். கெடைக்கவே இல்லயாம். கிழங்கைப் பார்க்கணும்னு ஆசையா வந்துக்கீறாரு. நான் மேல போயி எடுத்துக்கினு..."

"மேல எதுக்கு? எல்லாம் பூஜையில கீது, வாங்க!" என்றேன் பெருமையாக.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். பளபளவென்று, மொழுமொழுவென்று, ஒன்று போலவே இருந்த கருப்பு டப்பாக்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார். கம்பெனியில் கெட்டுப்போன நட்டைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலை வாழைக்கன்றைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை" என்றார், ரொம்ப மெதுவாக. "மீசை எங்க?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

"அது... வாய்க்கால்ல போயிடுச்சு மாப்பிள்ளை."

வெளிநாட்டுக்காரர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை கையால் தேய்த்துக் காட்டி விளக்கினார். அவர் என்னைப் பார்த்தார், புளிச்சட்டியைப் பார்த்தார். அப்புறம் சிரிக்காமல் ஒரு நீளமான கதை சொன்னார். மாப்பிள்ளை எங்களுக்கு எடுத்துச் சொன்னார்:

"அவரு சேர்த்து வெச்ச கவரையெல்லாம் அவங்க அம்மா குப்பைன்னு நெனச்சி நெருப்புல போட்டுட்டாங்களாம். அதான் கெடைக்கலயாம்."

பாவம் மனுஷன். ஒரு கிழங்கைப் பார்க்க விடாமல் இரண்டு பொம்பளைகள் அவரைத் தடுத்திருக்கிறோம். ஒருத்தி அங்கே நெருப்பில் போட்டாள், நான் இங்கே தண்ணீரில் போட்டேன். நடுவில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

சரி, ஓடுகிறதா என்றாவது பார்க்கலாம் என்று மாப்பிள்ளை குங்குமத்தை பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினார். படம் போய்விட்டதால் எது எந்த கேம் என்று அவருக்கே தெரியவில்லை. முதல் கேசட்டுக்கு டிவியில் வெறும் பூச்சி பறந்தது. அடுத்ததுக்கும் பூச்சி. நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்தது போட்டதும் பளிச்சென்று பழுப்புக் கட்டம் ஓடியது.

எங்கள் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றபடி கேட்டார்: "இது உருளைக்கிழங்கா, கருணைக்கிழங்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை டிவியை அணைத்துவிட்டு விருந்தாளியைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார். கலை சமையற்கட்டுக்குள் வந்து, "இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவரை இங்க இருங்கன்னு சொல்றது?" என்று அழுதாள். அழுதுகொண்டே மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

சமையற்கட்டில் தனியாக உட்கார்ந்தேன். எதிரே அலமாரியில் மயில் படம் போட்ட அப்பளம், முயல் படம் போட்ட சேமியா, மான் படம் போட்ட ரவை. கடையில் நான் எழுத்தைப் படித்தா வாங்குகிறேன்? படத்தைப் பார்த்துத்தான் கை நீட்டுவேன். ஒருதரம் சேமியாக்காரன் முயலை எடுத்துவிட்டு வெறும் பூ போட்டுவிட்டான். கடையில் நான் விழித்துக்கொண்டு நின்றேன், கடைக்காரனிடம் சண்டை வேறு போட்டேன். எனக்கு முயல் எப்படியோ அப்படித்தானே அந்தப் பிள்ளைக்கு மீசைக்கிழங்கு! இது விளங்கினதும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

மயிலை வெட்டினேன், முயலை வெட்டினேன், மானை வெட்டினேன். சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கேசட்டுகளில் ஒட்டினேன். பழுப்புக் கட்டம் ஓடின கேசட்டை மட்டும் தனியாக வைத்திருந்தேன். அதற்கு மீசை வேண்டும். எந்த பாக்கெட்டிலும் மீசை இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். பீரோவில் எங்கள் வீட்டுக்காரர் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கிடைத்தது. முகம் உருண்டை, நிறம் மண், மீசை முறுக்கு. கடவுளே கொடுத்த மாதிரி இருந்தது. ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். முகம் இறுகிப் போயிருந்தது.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அந்த ஒரகடம் வூடு..."

"பேசுங்க மாப்பிள்ளை" என்று கேசட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினேன்.

மயிலைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். கடைசியாக அவர் மாமனார் அவரை முறைத்துப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கலை... இங்க வா... மாமாவை..." என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும்தான் அவருக்கு இத்தனை நாள் வராத தைரியம் வந்தது.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. வூடு மாறணும்னு நெனச்சதுக்குக் காரணம் கம்பெனி தூரம் இல்ல. உங்க துடைக்கிற துணிதான். எங்க ரூம்ல எது எங்க கீதுன்னு எனக்கே தெரியல."

என் வாழ்நாளில் என் துணியை யாரும் குறை சொன்னதில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தட்டில் கிழங்கு இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரர் மீசையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து மாடிச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"இனிமே நீங்க கூப்பிட்டாத்தான் மேல வருவேன். ஒட்டடை தொங்கினா கூட வரமாட்டேன்."

(ஒட்டடை தொங்குகிறது. கீழே இருந்தே தெரிகிறது. நான் போகவில்லை.)

அவர்கள் ஒரகடம் போகவில்லை. இன்றைக்கும் மாடியில்தான் இருக்கிறார்கள். அந்த கேசட்டுக்கு இப்போது மாமா என்றுதான் பேர். ஞாயிற்றுக்கிழமையானால் மேலேயிருந்து, "ஐயோ, மாமாவைக் கத்தி வெட்டிடுச்சு!" என்று கலை கத்துவாள். "இந்தவாட்டி மாமா தப்பிச்சுட்டாரு!" என்று மாப்பிள்ளை கத்துவார். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டுக்காரரை நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அந்த கேசட்டை போட்டோ பிடித்து அனுப்பினார்களாம். அவர் அதைப் பெரிதாக்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானே எங்கள் வீட்டுக்காரர் போட்டோவை மாட்டினதில்லை.

ஆனால் மாப்பிள்ளை குவாலிட்டிக்காரர் இல்லையா, ஒருதரம் நடந்த தப்பு மறுபடி நடக்க விடமாட்டார். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு முன்னால் கேசட்டுகளையெல்லாம் துணியில் சுற்றி பேங்க் லாக்கரில் கொண்டுபோய் வைத்துவிடுவார். லாக்கர் சின்னது, இடம் பத்தாது. அதனால் கலையின் நகையை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். முதல்முறை அந்த பேங்க்காரப் பெண் திகைத்துப் போய்க் கேட்டதாம்:

"என்ன சார், நகையை வெளிய எடுத்துட்டு பிளாஸ்டிக் டப்பாவை உள்ள வைக்கிறீங்க?"

மாப்பிள்ளை சொன்னாராம்:

"நகைக்குத் திருடன்தான் வருவான் மேடம். இதுக்கு எங்க அத்தை வருவாங்க."

இதைக் கலை எங்கள் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வாரம் முழுக்க நகை என் பொறுப்பில்தான் இருக்கும். பூந்திக்கொட்டையை ஊறப் போட்டு நுரைக்க வைத்துக் கழுவி வைப்பேன். அதைப் போட்டுக்கொண்டு என் மகள் வெயிலில் நின்றால் எதிரே நிற்கிறவர்களுக்குக் கண் கூசும்.